டொக்டர் குவாயின் எட்டுப் படையல்

என் பெயர் பிரியந்தன். வயது இருபத்தொன்று. சொந்த இடம் வட்டக்கச்சி. இப்போது டென்மார்க்கில், இக்காஸ்ட் என்ற ஊரில், அம்மாவின் தங்கை கமலேஸ்வரிச் சித்தி வீட்டில் இருக்கிறேன். இது இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு வைகாசி மாதம். எனக்குக் கை நடுங்குகிறது. அதனால் நான் வாயால் சொல்லச் சொல்ல, குகநேசன் சித்தப்பா கணினியில் தட்டுகிறார். கனடாவில் இருக்கிற மாமாக்களுக்கும், பாரிஸ் பெரியம்மாவுக்கும், செட்டிகுளம் முகாம்களுக்குள் எங்கள் சொந்தக்காரர் யாராவது இருந்தால் அவர்களுக்கும் இது போய்ச் சேரவேண்டும். வேறு யார் கையில் கிடைத்தாலும் வாசிக்கலாம்.

அப்பாவும் அம்மாவும் மாசியில் போய்விட்டார்கள். அது உங்களுக்குத் தெரியும். அவர்களைப் புதைத்த மனிதரே தொலைபேசியில் சொன்னார். தங்கை நிரஞ்சலாவைப் பற்றித்தான் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. சித்திரை நடுப்பகுதியில், மாத்தளன் பக்கம் தண்ணீர் எடுக்கப் போனதைக் கண்டதாக ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. அவளுக்கும் சேர்த்துச் செய்யவேண்டியதைச் செய்துவிடுவோம் என்று பாரிஸ் பெரியம்மா ஐயரிடம் நாள் கேட்டிருக்கிறாராம். நீ ஏன் மாட்டேன் என்கிறாய் என்று போனில் என்னைக் கேட்டார். நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். போன திங்கட்கிழமை டொக்டர் குவாயின் எட்டாம் நாள் படையலில் நடந்ததைச் சொன்னால்தான் அந்தப் பதில் விளங்கும்.

டொக்டர் ஐசாக் குவாய் கானா நாட்டுக்காரர். அக்ரா கடற்கரையில் மீன்பிடிக்கிற குடும்பம். டென்மார்க்குக்குப் படிக்க வந்து இங்கேயே நின்றுவிட்டார். இந்த வட்டாரத்தில் சொந்தமாக டிஸ்பென்சரி திறந்த முதல் கறுப்பு மனிதர் அவர்தான் என்று அழகரத்தினம் மாமா சொல்வார். அழகரத்தினம் மாமா இந்த ஊருக்கு முதலில் வந்த தமிழர்களில் ஒருவர். துணி ஆலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். டொக்டர் வீட்டுப் புல்லை வெட்டுகிறவரும் அவர்தான்.

திறந்த புதிதில் டொக்டரின் காத்திருப்பு அறையில் நாற்காலிகள்தான் காத்திருந்தனவாம். கதவைத் திறந்து பார்க்கிறவர்கள், 'டொக்டர் இல்லையா?' என்று அவரிடமே கேட்டுவிட்டுத் திரும்பிப் போவார்களாம். பிறகு ஆலைகளில் வேலை செய்த துருக்கிக்காரர்கள் வந்தார்கள். எண்பதுகளின் நடுவில் எங்கள் ஆட்கள் வந்தார்கள். அகதிக் காம்பில் இருந்தவர்களிடம் மருத்துவ அட்டையும் இல்லை, மொழியும் இல்லை. நோகிற இடத்தைத் தொட்டுக் காட்ட விரல் மட்டும் இருந்தது. டொக்டர் டிஸ்பென்சரியைப் பூட்டிவிட்டுத் தன் பழைய காரில் காம்புக்கு வருவாராம். சமையலறை மேசையைத் துடைத்துவிட்டு அதிலேயே பிள்ளைகளைக் கிடத்திப் பார்ப்பாராம். 'எங்க நோகுது, எப்ப துவங்கினது, பயப்பிடாத' என்று மூன்று வசனங்களைத்தான் முதலில் பாடமாக்கினாராம். நான் வந்தபோது யாழ்ப்பாணத்து ஆட்களோடு சண்டை பிடிக்கிற அளவுக்குத் தமிழ் வைத்திருந்தார்.

எங்கள் ஆட்கள் மட்டும் என்ன திறமா? அவரை முதலில் கண்டபோது, கறுப்பர்களை இழிவாகச் சொல்கிற காப்பிலி என்ற சொல்லைத்தான் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். அவர் அந்தச் சொல்லைக் காதில் வாங்கி வைத்திருந்திருக்கிறார். ஒருநாள் அழகரத்தினம் மாமாவின் முதுகில் குழாயை வைத்துக்கொண்டு கேட்டாராம்.

"அழகரத்தினம், காப்பிலி எண்டால் என்ன?"

மாமாவுக்கு மூச்சு நின்றுவிட்டது. "அது டொக்டர்... எங்கட ஊரில பெரிய மனுசரை அப்பிடிச் சொல்லுறது."

"ஓ. அப்ப நீயும் ஒரு காப்பிலிதான். நல்ல பெரிய காப்பிலி. இப்ப மூச்சை இழு."

மாமா இதைச் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் சிரிப்பார். சிரித்து முடிந்ததும் முகத்தைக் கையால் அழுத்தித் துடைப்பார். அதற்குப் பிறகு அந்தச் சொல் இந்த ஊரில் எழும்பவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். டொக்டரிடம் சக்கரம் பூட்டிய வட்ட முக்காலி ஒன்று இருந்தது. ஒருவரைப் பார்த்து முடிந்ததும் அதைக் காலால் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழும்புவார். பலகைத் தரையில் அது கடகடவென்று உருண்டு போகும். அந்தச் சத்தம் கேட்டால் வெளியில் இருக்கிற எல்லோருக்கும் தலை தானாக நிமிரும் என்று சித்தி சொல்வார். அடுத்த ஆளைக் கூப்பிட அவர் கதவடிக்கு வருகிறார் என்று அர்த்தம். கூப்பிடுவதும் முழுப் பெயர் சொல்லித்தான். கமலேஸ்வரி குகநேசன் என்று ஒரு எழுத்தையும் விழுங்காமல் இந்த நாட்டில் தன்னைக் கூப்பிட்ட முதல் மனிதர் அவர் என்பதில் சித்திக்குப் பெருமை.

நான் அவரைச் சந்தித்தது ஒரே ஒரு தடவை, போன மாதம். அப்போது அவர் ஓய்வு பெற்று மேல்மாடியில் தனியாக இருந்தார். கீழே டிஸ்பென்சரி அப்படியே பூட்டிக் கிடந்தது. என் வருத்தம் என்னவென்றால், அடிக்காத போன் எனக்கு அடிக்கும். மொழிப் பள்ளிக்கூடத்தில், பஸ்ஸில், குளிக்கும்போது. எடுத்தால் ஒன்றும் இருக்காது. சித்தி என்னை அவரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

"எங்க நோகுது?" என்று கேட்டார்.

"நோகேல்லை டொக்டர். போன் அடிக்குது."

அவர் கையை நீட்டினார். நான் போனைக் கொடுத்தேன். அதைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்கிற அளவு நேரம் கேட்டார். பிறகு திருப்பித் தந்தார்.

"இப்ப ஒண்டும் இல்லை. நாளைக்கு இருக்கும், இல்லாமலும் இருக்கும்."

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. "என்ர தங்கச்சி உயிரோட இருக்கிறாளோ, டொக்டர்?" என்று கேட்டுவிட்டேன்.

"என்ன விசர்க் கேள்வி கேக்கிறாய்?" என்று சித்தி என் தோளில் தட்டினார்.

டொக்டர் சிரிக்கவில்லை. "நான் தொட்டுப் பாத்தால்தான் சொல்லுவன். தொடாமல் இருக்கிறாள் எண்டும் சொல்லமாட்டன், இல்லை எண்டும் சொல்லமாட்டன்."

அந்த ஒரு இரவு நான் நன்றாக நித்திரை கொண்டேன்.

இந்த மாதம் அவர் செத்துப்போனார். மாமா புல்லு வெட்டப் போன நேரம், மேல்மாடி நாற்காலியில் அமைதியாக இருந்தாராம். தேவாலயத்துப் பின்வளவில் அடக்கம் செய்தார்கள். டென்மார்க்கில் அவருக்கு இரத்த உறவு ஒருவரும் இல்லை. அக்ராவில் இருக்கிற தங்கை மாமாவோடு போனில் கதைத்தார். நாங்கள் இங்கே எங்கள் முறைக்குச் செய்கிறோம், நீங்கள் அங்கே உங்கள் முறைக்குச் செய்யுங்கள், அவர் உங்கள் வீடுகளில் சாப்பிட்ட மனிதர் என்று சொன்னார்.

அப்படித்தான் டொக்டருக்கு எட்டு வைப்பது என்று முடிவானது. எட்டாம் நாள், செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து இலையில் படைத்து, விளக்கேற்றி, அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே இருப்போம். அவர் வந்து சாப்பிட்டுப் போகிற வரைக்கும் ஒருவரும் உள்ளே போகக்கூடாது. வீட்டு ஆளுக்குத்தான் எட்டு வைப்போம், வெளி ஆளுக்கு வைப்பதில்லை. இந்த ஊர்த் தமிழர்கள் ஒரு மனிதருக்குச் செய்யக்கூடிய பெரிய மரியாதை அதுதான்.

கத்தோலிக்கரான லூர்தம்மா அக்கா மட்டும் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "அந்தாள் வேதக்காரன். எட்டாம் நாள் ஆவி வந்து மீன்குழம்பு தின்னுமெண்டு எந்தச் சுவாமி சொன்னவர்?"

"நீங்கள் செபத்தைச் சொல்லுங்கோ அக்கா, நாங்கள் சமைக்கிறம்," என்றார் மாமா. "அந்தாள் தனக்குப் பிடிச்சதை எடுக்கட்டும்."

லூர்தம்மா அக்கா கொஞ்சம் யோசித்தார். "அப்ப கணவாய்க் கறி நான் கொண்டாறன். உவள் கமலேசின்ர கறியை நம்பி மனுசன் அவ்வளவு தூரம் வராது."

எட்டு வந்தது போன திங்கட்கிழமை. அன்று காலையில் எங்கள் நாட்டில் எல்லாம் முடிந்துவிட்டதென்று தொலைக்காட்சி சொன்னது. கொழும்பில் வெடி கொளுத்தினார்கள். சித்தி தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு வெங்காயம் வெட்டப் போனார். வெட்டி முடிந்த பிறகும் அங்கேயே நின்றார். மாவு வறுக்கிற மணமும் தேங்காய் திருவுகிற சத்தமும் வந்தன. என்ன சமைக்கிறீங்கள் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. சித்தப்பாவுக்கு அன்று பின்னேர வேலை. சித்தியும் நானும்தான் போனோம்.

படையலை டொக்டரின் பழைய மருத்துவ அறையிலேயே வைப்பதென்று மாமா ஏற்பாடு செய்திருந்தார். மாத முடிவில் அந்த வீட்டைக் கையளிக்கவேண்டும். அதுவரை கதவுத் திறப்பு அவரிடம் இருந்தது. படைக்கிறதென்றால் இருள வேண்டும். வைகாசியில் டென்மார்க்கில் எங்கே இருள்கிறது? சாப்பாட்டு நேரம் கடந்தும் வெயில் மரங்களின் மேல் நிற்கும். மாமா மருத்துவ அறையின் யன்னல்களுக்குப் போர்வைகளை ஆணியடித்துத் தொங்கவிட்டார். பகலுக்கு நடுவில் ஒரு அறை மட்டும் இரவாகியது. பக்கத்து வளவில் டெனிஷ் பிள்ளைகள் துள்ளி விளையாடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு வீட்டுக்காரரும் தாங்கள் கொண்டுவந்ததைத் தாங்களே தனியாக உள்ளே போய் வைத்துவிட்டு வந்தார்கள். எல்லோரும் வைத்து முடிந்தபின் விளக்கேற்ற மாமா உள்ளே போனார். நெருப்புப்பெட்டி பிடிக்க நானும் போனேன்.

தரையில் வாழையிலைகளை நீளத்துக்கு விரித்திருந்தார்கள். மேசையில் டொக்டரின் படம். முக்காலியை மேசைக்குக் கீழே தள்ளி வைத்திருந்தார்கள். முதல் இலையில் எல்லாம் அவருக்குரியவை. ஒடியல் கூழ், தன் தாயின் மீன் சூப்பைப் போல இருக்கிறதென்று சட்டியோடு கேட்டு வாங்கிக் குடிப்பாராம். லூர்தம்மா அக்காவின் கணவாய்க் கறி. அவர் போகிற இடமெல்லாம் கொண்டுதிரிகிற மிளகாய்ச் சாந்துப் போத்தல். ஈரல் பூசிய கறுப்புப் பாண்.

மாமா நெருப்புக்குச்சியைத் தட்டினார். வெளிச்சம் மற்ற இலைகளுக்குப் போனது.

அங்கே ஒரு சுருட்டு இருந்தது. புகைக்கிறவர்களின் சட்டைப்பையிலிருந்து பெட்டியை எடுத்து நசுக்கிப் போடுகிற டொக்டருக்குச் சுருட்டு. அதற்குப் பக்கத்தில் இடித்த வெற்றிலை. பல் இல்லாதவர்களுக்கு இடித்துக் கொடுப்பதுபோல் பசையாக இடித்தது. டொக்டருக்கு எல்லாப் பல்லும் இருந்தது. ஒரு தட்டில் புட்டும் மாம்பழமும், குழந்தைக்குப் பிசைவதுபோல் பிசைந்தபடி. ஒரு தட்டில் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக் கொடுக்கிற மாதிரிச் சுற்றிய இடியப்பப் பார்சல். கடைசி இலையின் நுனியில் ஒரு பால் போத்தல். சூப்பி பூட்டியது. பால் இன்னும் சூடாக இருந்ததால் போத்தலின் கழுத்தில் ஆவி படிந்திருந்தது.

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் சுருட்டைப் பார்த்தார். பிறகு திரியைத் தூண்டினார்.

அப்போதுதான் அந்தச் சின்னத் தட்டைக் கண்டேன். சுட்ட ரொட்டியைப் பிய்த்து, தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுப் பிசைந்து பிடித்த உருண்டைகள். உலகத்தில் அப்படி ரொட்டி தின்கிற ஒரே ஒரு ஆளைத்தான் எனக்குத் தெரியும். சமாதான காலத்தில் சித்தி வட்டக்கச்சிக்கு வந்து நின்றபோது, பதினொரு வயது நிரஞ்சலாவைச் சாப்பிட வைக்க அவர் கண்டுபிடித்த வழி அது. சித்தி போன பிறகும் அவள் வேறு மாதிரி ரொட்டி தின்னவில்லை.

வெளியே வந்ததும் சித்தியின் காதடியில் கேட்டேன். "அந்த ரொட்டி உருண்டை ஆருக்கு?"

"டொக்டருக்கு."

"டொக்டர் எப்ப ரொட்டி உருண்டை திண்டவர்?"

"ஒருக்காக் குடுத்தனான். மெல்லக் கதை."

"சீனி போட்டோ? அவருக்குச் சீனி வருத்தமெல்லோ?"

சித்தி தரையைப் பார்த்தார். லூர்தம்மா அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "இரு தம்பி. ஒருத்தரும் ஒருத்தரையும் கேக்காதேங்கோ இண்டைக்கு."

மாமா கதவைச் சாத்தினார்.

காத்திருப்பு அறையின் சுவரோரம் பழைய நாற்காலிகள் அப்படியே இருந்தன. எல்லோரும் அவற்றில் இருந்தோம். முன்பு காய்ச்சலோடும் கர்ப்பத்தோடும் பிள்ளைகளோடும் அவர்கள் வந்து இருந்த அதே நாற்காலிகள். இருந்தவிதமும் அதே விதமாகத்தான் இருந்திருக்கும்: கைப்பை மடியில், கண் கதவில். லூர்தம்மா அக்காவின் செபமாலை மட்டும் நகர்ந்தது. வெளியே வெயில்.

உள்ளே முக்காலி உருண்டது.

நான் அந்தச் சத்தத்தை அதற்கு முன் கேட்டதில்லை. ஆனால் எல்லோருடைய தலையும் ஒரே நேரத்தில் நிமிர்ந்ததைக் கண்டேன். செபமாலை நின்றது. வினோதா அக்கா, எனக்கு எதிரில் இருந்தவர், கைப்பையை எடுத்துக்கொண்டு பாதி எழும்பிவிட்டு, திரும்ப இருந்தார். பக்கத்து வளவுப் பிள்ளைகளும் சத்தத்தை நிறுத்தியிருந்தார்கள்.

"தரை சரிவு," என்றார் மாமா. ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. "பழைய வீடெல்லோ. தரை சரிவு."

எல்லோரும் கதவின் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தோம். அடுத்த பெயரைக் கூப்பிடத்தான் அவர் வருவார். முழுப் பெயரும் சொல்லித்தான் கூப்பிடுவார். அந்த நேரம் எனக்கு ஒன்றுதான் தோன்றியது. உள்ளே அவளுக்கு ஒரு தட்டு வைத்திருக்கிறது. தட்டு இருந்தால் பெயரும் இருக்கும். அவர் வாயில் நிரஞ்சலா என்று வந்துவிட்டால் அவள் போகத்தான் வேண்டும். அவர் கூப்பிட முதல் அந்தத் தட்டு அங்கே இருக்கக்கூடாது.

நான் எழும்பினேன்.

"பிரியந்தன், இரடா!" மாமா கத்தினார். "அவையள் சாப்பிடுகினம்!"

அவர் அவையள் என்று, பல பேரைச் சொல்வதுபோல்தான் சொன்னார். நான் கதவைத் திறந்து உள்ளே போனேன்.

கதவு எனக்குப் பின்னால் சாத்திக்கொண்டது. அந்தச் சின்ன அறைக்குள் ஒரு சூடு. சனம் நிறைந்த பஸ்ஸுக்குள் ஏறினால் முகத்தில் அடிக்குமே, அந்தச் சூடு. ஒருவரும் இல்லை. ஆனாலும் நான் தோளை ஒடுக்கிக்கொண்டு பக்கவாட்டில் நடந்தேன். ஏன் அப்படி நடந்தேன் என்று எனக்குத் தெரியாது. விளக்கு ஆடாமல் எரிந்தது.

முக்காலி மேசைக்குக் கீழே இல்லை. கடைசி இலையின் நுனியில், பால் போத்தலுக்குப் பக்கத்தில் நின்றது. போத்தலுக்குள் பாலின் மேல் நுரை. சின்னச் சின்னக் குமிழிகள் ஒவ்வொன்றாக உடைந்துகொண்டிருந்தன.

நான் டொக்டரின் படத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "டொக்டர், நீங்கள் அவளைத் தொட்டுப் பாக்கேல்லை."

குனிந்து தட்டை எடுத்தேன். முதுகைக் காட்டப் பயமாக இருந்ததால் பின்னுக்கு நடந்தேன். பாதி வழியில், என் இடது மணிக்கட்டில், நாடி பிடிக்கிற இடத்தில், குளிர்ந்த விரல்கள் போல ஏதோ வந்து இருந்தது. நாடி எண்ணுகிற அளவு நேரம் இருந்தது. பிறகு விட்டது.

இதையும் தட்டவேண்டுமோ என்று சித்தப்பா கேட்கிறார். தட்டுங்கோ சித்தப்பா.

வெளியே வந்தபோது வெயில் கண்ணைக் குத்தியது. எல்லோரும் எழும்பி நின்றார்கள். மாமா என் தோளைப் பிடித்து உலுப்பினார். "என்னடா செய்துபோட்டாய்? அந்த மனுசனுக்கு ஒரு மரியாதை செய்ய விடமாட்டியோ?"

"டொக்டருக்கு வைச்சதில நான் கை வைக்கேல்லை மாமா. இது அவருக்கு வைச்சதில்லை."

தட்டை யன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். அப்போதுதான் கண்டேன். உருண்டைகளில் ஒன்று பதிந்திருந்தது. பெருவிரல் ஒன்றை வைத்து அழுத்திய பதிவு. பதிந்த இடத்தில் சீனி நொறுங்கி மினுங்கியது.

என் கை நடுங்கத் தொடங்கியது அப்போதுதான். இன்னும் நிற்கவில்லை.

"சித்தி, இஞ்ச வாங்கோ. இதில உங்கட விரலை வைச்சுப் பாருங்கோ."

"ஏன்?"

"வையுங்கோ. உங்கட விரல்தான் எண்டு காட்டுங்கோ."

சித்தி வந்து தட்டைப் பார்த்தார். கையைத் தூக்கினார். அவருடைய பெருவிரல் அந்தப் பள்ளத்துக்கு மேலே வந்து நின்றது. அவருடைய விரல் அகலம். துணி ஆலையில் தைத்துத் தைத்துத் தட்டையானது. பதிவு சிறிதாக இருந்ததா என்று என்னால் சொல்ல முடியவில்லை. சொல்ல நேரமும் இருக்கவில்லை. சித்தி விரலை வைக்கவில்லை. அந்த உருண்டையை முழுதாகக் கைக்குள் எடுத்தார். இறுக்கிப் பிசைந்தார். இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்து உருட்டினார். கையைத் திறந்தபோது ஒரு அடையாளமும் இல்லாத புது உருண்டை இருந்தது.

"நான் பிழை விட்டிட்டன்," என்றார். "இருக்கிறாளோ இல்லையோ தெரியாத பிள்ளைக்குச் சாப்பாடு வைச்சிட்டன். இந்தா, நீ தின். அவள் வந்தால் நான் புதுசாச் சுட்டுக் குடுப்பன்."

நான் வாயில் போட்டேன். சீனி பல்லில் நெரிந்தது. சித்தி தட்டிலிருந்த மற்றவற்றைத் தன் வாயில் போட்டு, அழுதழுது மென்றார்.

பிறகு அழகரத்தினம் மாமா சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு கதவைத் திறந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது அவருடைய சட்டைப்பையில் சுருட்டு இருந்தது. ஊரில் அவருக்குச் செய்தி இல்லாத ஒரு தமையன் இருக்கிறார். ஒருவரும் கேட்கவில்லை. இடியப்பப் பார்சலை எடுக்க ஒருவர் போனார். இடித்த வெற்றிலையை எடுக்கவும் ஒருவர் எழும்பினார்; கதவடி மட்டும் போய், நெற்றியைக் கதவில் முட்டுக்கொடுத்து நின்றுவிட்டு, எடுக்காமலே திரும்பி வந்து நாற்காலியில் இருந்தார்.

கடைசியாக வினோதா அக்கா போனார். ஊரில் அவருடைய தங்கைக்குப் பங்குனியில் பிள்ளை பிறந்ததென்று கேள்விப்பட்டிருந்தோம். அவர் உள்ளே போய்த் தானே கதவைச் சாத்தினார். நாங்கள் காத்திருந்தோம். உள்ளே அவர் மெல்லிய குரலில் கதைக்கிற சத்தம் கேட்டது. இடையிடையே நிறுத்தினார், யாரோ மறுமொழி சொல்வதைக் கேட்பவர் போல. பிறகு கதவு திறந்தது. வெறுங்கையோடு வந்தார்.

"டொக்டர் பாத்துக்கொள்ளுவார்," என்றார். லூர்தம்மா அக்கா அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அப்போதுதான் இந்த ஊரில், அன்று முழுவதும், முதல் தடவையாக ஒருவர் சத்தம் போட்டு அழுதார்.

பிறகு மாமா யன்னல் போர்வைகளைக் கழற்றினார். சித்தி காய்ச்சிய கூழைச் சூடாக்கி எல்லோருக்கும் ஊற்றினார்கள். டொக்டர் எங்கள் வீடுகளில் எதைக் குடித்தாலும் முதல் சொட்டை நிலத்தில் விடுவாராம். தன் ஊரில் முன்னோருக்குக் கொடுக்கிற முறை என்று சொல்வாராம். மாமா தன் கோப்பையிலிருந்து ஒரு கரண்டி கூழை வாசலுக்கு வெளியே மண்ணில் விட்டார். "ஐசாக் குவாய்," என்று முழுப் பெயரையும் சொன்னார். "எங்களை மனுசராப் பாத்த மனுசன்." நாங்கள் எல்லோரும் ஒவ்வொரு சொட்டு விட்டோம்.

"உப்புக் காணாது," என்றார் லூர்தம்மா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அந்தாள் இருந்திருந்தால் கமலேசுக்கு இப்ப நல்லாப் பேச்சுக் கிடைச்சிருக்கும்."

அன்று நடந்தது இவ்வளவுதான். அந்தப் பதிவு யாருடைய விரல் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதுதான் பெரியம்மாவின் கேள்விக்கு என் பதில்.

இதை வாசிக்கிற சொந்தக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். நிரஞ்சலாவுக்கு ஒருவரும் எட்டு வைக்கவேண்டாம். ஐயரிடம் கேட்ட நாளை விட்டுவிடுங்கள். அவளுடைய படத்துக்கு மாலை போடவேண்டாம். அவளுக்கு வயது பதினேழு. மெலிந்த உயரமான பிள்ளை. இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு இருக்கிறது. கடைசியாகப் பச்சைச் சட்டை போட்டிருந்தாளாம். முகாமிலோ, ஆஸ்பத்திரியிலோ, எங்கேயாவது அவளைக் கண்டவர்கள் கீழே இருக்கிற சித்தப்பாவின் இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லுங்கள்.